நல அதிகாரியின் ஏழாவது கோரிக்கை

ஜெராக்ஸ் இயந்திரம் மூன்றாம் முறையாக முழங்கையைச் சுட்டபொழுதுதான், தமக்கு நேர்ந்திருப்பது இடமாற்றம் அன்று, அநீதி என்னும் முடிவுக்கு நல அதிகாரி வந்தார்.

குடை தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாளர் நல அதிகாரியாக வீற்றிருந்தவர் அவர். வீற்றிருந்த இடம் ஒரு கண்ணாடி அறை. அங்கிருந்து நோக்கினால் கம்பி வளைப்போர், துணி வெட்டுவோர், தையல் இயந்திரப் பெண்கள் ஆகிய அனைவரும் தெரிவர். அவர்களுள் யார் கொட்டாவி விட்டார் என்பதும் தெரியும். பணியாளர்களின் நலத்தைக் குறித்து அவர் மேற்கொண்ட முயற்சி பெரும்பாலும் இவ்வளவே.

அன்று காலை அவ்வறை பூட்டப்பட்டிருந்தது. கண்ணாடியில் உட்புறமாகப் பழுப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய மேசையும் நாற்காலியும் கோப்புப் பெட்டிகளும் நடைவழியில், ஜெராக்ஸ் இயந்திரத்திற்கும் குடிநீர்க் குழாய்க்கும் இடையே, வீடு காலி செய்யப்பட்ட குடும்பத்தைப் போல நின்றன. மேசைமீது ஒரு கடிதம் இருந்தது.

‘மறு உத்தரவு வரும்வரை தாங்கள் இவ்விடத்தில் அமர்ந்து பணியாற்ற வேண்டியது.’

கடிதத்தில் காரணம் இல்லை. காரணம் இல்லாமற் போனதற்குக் காரணமானவர் அவரே. முதலாளியம்மாவின் செயலாளருக்குக் கடிதம் எழுதும் கலையைப் பயிற்றுவித்தவர் அவரல்லரோ? “காரணத்தை எழுதினா, அதைப் புடிச்சுக்கிட்டுக் கேள்வி கேப்பாங்கம்மா. உத்தரவுன்னா மொட்டையா இருக்கணும்” என்று அவர் கூறிய பாடத்தை அந்தப் பெண் மறவாது பின்பற்றியிருந்தாள்.

முதலாளியம்மா அவ்வழியே வந்தார். பழைய முதலாளியின் மகள். தந்தை ஓய்வு பெற்றதும் இரண்டு மாதங்களுக்கு முன்பு பொறுப்பேற்றவர். வயது முப்பதைத் தாண்டாது.

“சார், உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன். அந்த ரூம் விஷயம்...”

“வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லீங்க மேடம். எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க.”

“இல்ல சார், சின்ன விஷயந்தான். ஒரு நிமிஷம்...”

“எழுத்துல.”

“எழுத்துலதான் குடுத்துட்டோமே?” என்று குழம்பிய முதலாளியம்மா, சற்று நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் அவர் தம் வீழ்ச்சியை விவரித்தார்.

“ஏங்க, சம்பளத்தைக் குறைச்சாங்களா?”

“இல்ல.”

“வேலையை விட்டு எடுத்தாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? குழாய் பக்கத்துலயே இருக்கு, தாகம் எடுத்தா எந்திரிக்க வேண்டாம்.”

“உனக்கு ஒண்ணும் புரியாது. அந்த ரூமுக்கு வேற ஆளைக் கொண்டு வராங்க. போன மாசமே முதலாளியோட பொண்ணு கேட்டா, ஒரே வருஷத்துல பதினோரு பேர் ஏன் வேலையை விட்டுப் போனாங்கன்னு.”

“ஏன் போனாங்க?”

“போகணும்னு தோணிச்சு, போனாங்க.”

“நீங்க இருக்கீங்களேன்னு போயிருப்பாங்க.”

அவர் சினம் கொண்டார். எனினும் குரல் தளர்ந்துவிட்டது. “இந்த வயசுல வேற எந்தக் கம்பெனி என்னைக் கூப்பிட்டு ரூம் குடுக்கும் சொல்லு? ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அந்த ரூம் போனா வேலை போன மாதிரிதான். முதல்ல ரூமை எடுப்பாங்க, அப்புறம் ஆளை எடுப்பாங்க. நானே எத்தனை பேரை அப்படி அனுப்பியிருக்கேன்!”

இந்த இறுதி வாக்கியம் முற்றிலும் உண்மை. ஆதலின் மனைவி அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

மறுநாள் அவர் முதலாளியம்மாவுக்கு நான்கு பக்கங்களில் ஒரு புகார் வரைந்தார். மனித மாண்பு, சமத்துவம், பத்தொன்பது ஆண்டுக் கால உழைப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. மனித மாண்பு என்னும் சொல்லை அவர் எழுதியது வாழ்வில் அதுவே முதன்முறை. எழுத்துக் கூட்டுவதற்கே சற்று நேரம் பிடித்தது.

அத்தொழிற்சாலையில் எந்தப் புகாரும் நேரடியாக முதலாளியிடம் செல்லாது. முதலில் நல அதிகாரியின் தட்டுக்குச் சென்று, அவருடைய பரிந்துரையுடன்தான் மேலே செல்ல வேண்டும். இது அவரே வகுத்த பதினேழாம் விதி. ஆகவே செயலாளர் அந்த நான்கு பக்கங்களையும் கொண்டுவந்து, ஜெராக்ஸ் இயந்திரத்தின் அருகே இருந்த அவருடைய தட்டிலேயே, மற்ற முப்பத்தெட்டு விண்ணப்பங்களோடு வைத்தாள்.

மாலை நான்கு மணிக்கு அவர் முத்திரையைக் கையில் எடுத்தார். பத்தொன்பது ஆண்டுகளாக மாலை நான்கு மணிக்கு அவர் செய்துவந்த பணி அது. தாளின் மூலையை இடக்கை புரட்டும். வலக்கை முத்திரையைக் குத்தும். பேனா சுருக்கொப்பம் இடும். கண்களுக்கு இதில் வேலையில்லை. முத்திரையில் ‘ஏற்க இயலாது’ என்னும் இரு சொற்களே இருந்தன. தொழிலாளர்கள் தமக்குள் அவரை ‘இயலாது சார்’ என்று அழைத்து வந்ததும் அதனாலேயே.

முப்பத்தொன்பது விண்ணப்பங்களும் நான்கு நிமிடங்களில் முடிந்தன.

மறுநாள் காலை செயலாளர் வியப்போடு வந்து நின்றாள்.

“சார், உங்க புகாரை நீங்களே தள்ளுபடி பண்ணிட்டீங்களாமே! மேடம் அசந்து போயிட்டாங்க. எவ்வளவு பெருந்தன்மைன்னாங்க.”

அவருடைய முகம் வெளிறியது. “அதைத் திருப்பிக் குடும்மா.”

“முடியாதே சார். பதினெட்டாம் விதி. ஒருதடவை தள்ளுபடி ஆன புகாரைத் திரும்ப எடுக்கக் கூடாது. அந்த விதியே நீங்க எழுதினதுதானே?”

“அதை எழுதினப்போ நான் என்னை நெனச்சு எழுதலம்மா!”

“அது எல்லாருக்கும் தெரியும் சார்” என்று கூறிவிட்டு அவள் சென்றாள்.

இனி ஒரே வழிதான் எஞ்சியிருந்தது. வக்கீலிடம் செல்வது வீண் வேலை என்று பத்தொன்பது ஆண்டுகளாகத் தொழிலாளர்களுக்கு அறிவுரை கூறிவந்தவர், சனிக்கிழமை காலை மனைவியையும் அழைத்துக்கொண்டு, காது கேட்கும் கருவி விற்கும் கடையின் மாடியில் இருந்த ஓர் அலுவலகத்தின் படிகளில் ஏறினார். ‘குடிமை உரிமை, பணியுரிமை வழக்கறிஞர்’ என்று பலகை கூறிற்று.

வக்கீல் மெலிந்த மனிதர். கட்சிக்காரர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தாமே கூறிவிடும் இயல்பினர்.

“சொல்லுங்க. என்ன உரிமை போச்சு?”

“கண்ணாடி ரூமுங்க.”

“அது உரிமை இல்ல. ரூம். மேல சொல்லுங்க.”

“புகார் குடுத்தேன். தள்ளிட்டாங்க.”

“அப்படிச் சொல்லுங்க! அதுதான் உரிமை. குடுங்க பார்ப்போம்.” வக்கீல் அந்தப் புகாரின் ஜெராக்ஸ் படியை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். புகாரின் அடியில் ‘தங்கள் ஊழியன்’ என முழுக் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே முத்திரையும், கோழி கிளறியது போன்ற ஒரு சுருக்கொப்பமும், ‘நல அதிகாரி’ என்னும் பதவிப் பெயரும் இருந்தன. “யாரு இவன், நல அதிகாரி?”

நல அதிகாரி வாயைத் திறந்தார்.

“பதில் எழுதியிருக்கற லட்சணத்தைப் பாருங்க! ஒரு மனுஷன் வயிறெரிஞ்சு நாலு பக்கம் எழுதியிருக்கான். இவன் ரெண்டே வார்த்தையில முடிச்சிருக்கான். படிச்சே பார்த்திருக்க மாட்டான், தடிமாடு!”

நல அதிகாரி வாயை மூடிக்கொண்டார். உண்மையைக் கூறுவதற்கு உரிய தருணம் ஒன்று இருந்தது. அது அப்பொழுதுதான் படியிறங்கிச் சென்றது.

“படிக்கலைங்க” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவரோட... பழக்கம் அது.”

“மனுஷனா அவன்?”

“எனக்கும் பல வருஷமா அந்தச் சந்தேகம் உண்டுங்க சார்” என்றாள் மனைவி.

வக்கீல் திரும்பினார். “உங்களுக்கும் அந்த ஆளைத் தெரியுமாம்மா?”

“பார்த்திருக்கேன்” என்று கூறிய அவள், மின்விசிறியை மிக்க கவனத்துடன் நோக்கலானாள்.

வக்கீல் எழுந்து நின்று இரண்டு விரல்களை நீட்டினார். “ரெண்டே விஷயம். ஒண்ணு, இன்னையில இருந்து கம்பெனி குடுக்கற ஒரு தாளைக்கூடக் கையால தொடாதீங்க. தொட்டீங்கன்னா புது இடத்தை ஏத்துக்கிட்டதா ஆயிடும். யார்கிட்டயும் இதைப் பத்தி வாயைத் திறக்காதீங்க, யார் சொல்றதையும் காதுல வாங்காதீங்க. ரெண்டு, நீங்க ஒருத்தர் மட்டும் சொன்னா அது புலம்பல். அந்த ஆளால அடிபட்டவங்க இன்னும் சில பேர் வேணும். கிடைப்பாங்களா?”

“கிடைப்பாங்க” என்று மனைவி முந்திக்கொண்டாள். “பஸ்ஸு பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்.”

திங்கட்கிழமை முதல் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். விடுப்பு விண்ணப்பங்கள் வந்தன, அவர் வாங்கவில்லை. வேறு வழியின்றிச் செயலாளர் அவற்றை வாங்கி, படித்து, ‘சரி’ என்று எழுதி அனுப்பினாள். தலைவலி என்றவர் வீட்டுக்குச் சென்றார். நாற்காலி கேட்டவருக்கு நாற்காலி கிடைத்தது. இவ்வாறு ஒரு வாரம் கழிந்தது. தொழிற்சாலை இடிந்து விழவில்லை. ஒரு குடைகூடக் கூடுதலாகக் கோணவில்லை. தாம் இல்லாவிடில் இந்நிறுவனம் மூன்று நாள் தாங்காது என்று அவர் நெடுங்காலமாகக் கூறிவந்தார். அந்த மூன்று நாளும் கடந்து நான்கு நாள் ஆகியிருந்தன.

தம் பதவியில் வேறொருவர் அமர்ந்துவிட்டார் என்பது இதனால் அவருக்கு உறுதியாயிற்று. ஏனெனில் எவரும் அப்பதவியில் இல்லாமலேயே ஓர் அலுவலகம் நன்றாக நடக்கலாம் என்பது அவருடைய சிந்தனைக்கு எட்டாத பொருள்.

மேலும், சான்றும் கிடைத்தது. புதன்கிழமை முற்பகலில் கண்ணாடி அறைக்குள் விளக்கு எரிந்தது. பழுப்புத் தாளின் பின்னே ஒரு நிழல் உலவிற்று. அந்நிழல் குனிந்தது, சுவர் ஓரமாக மண்டியிட்டது, எதையோ தட்டிப் பார்த்தது.

“வந்த உடனே சுவர் அலமாரியோட அடித்தட்டை நோண்டறான் பாரு” என்று அவர் பற்களைக் கடித்தார். பின்பு செயலாளரை அழைத்தார். “உள்ள யாரும்மா அது?”

“அவரா சார்? அவரு...”

“இரு, இரு! வாயால சொல்லாதே. நான் எதையும் காதுல வாங்கக் கூடாது.”

“அப்போ எழுதித் தரட்டுமா?”

“தாளும் வாங்கக் கூடாது.”

“சார், அப்போ எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?”

விடையில்லாத பொழுது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வது எவ்வாறு என்பதை அவர் நன்கு அறிவார்.

சாட்சிகளைத் தேடி அவர் உணவறைக்குச் சென்றார். அவர் நுழைந்ததும் எல்லாரும் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினர். தையல் பிரிவில் பணிபுரியும் அக்கா ஒருவர், வண்டி ஓட்டும் டிரைவர், வாசல் காக்கும் வாட்ச்மேன் ஆகிய மூவரும் அமர்ந்திருந்த மேசையில் அவர் சென்று அமர்ந்தார். அவர் அவர்களோடு அமர்ந்தது வரலாற்றில் முதன்முறை.

“உங்களுக்கு இந்த நல அதிகாரியால ஏதாவது கஷ்டம் உண்டா?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

“இது என்ன சார், பரீட்சையா?” என்றார் டிரைவர்.

“பயப்படாதீங்க. மனசு விட்டுச் சொல்லுங்க. வக்கீல் வெச்சிருக்கேன். நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். கோப்பு எல்லாம் என்கிட்ட இருக்கு, நானே தரேன்.”

தையல்கார அக்கா தம் கையிலிருந்த பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தார். “சார், உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. அநியாயத்தை எதிர்க்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.”

“யாரு பண்ணின அநியாயத்தை சார்?”

“நல அதிகாரி பண்ணினதைத்தான்.”

வாட்ச்மேன் எழுந்து நின்றே விட்டார். “எத்தனை மணிக்கு வரணும் சார்?”

சனிக்கிழமையன்று வக்கீலின் அலுவலகத்தில் இடம் போதவில்லை. நல அதிகாரி இரண்டு கோப்புப் பெட்டிகளைத் தாமே தூக்கிவந்திருந்தார். மூச்சு வாங்கிற்று. வக்கீல் அக்காவை நோக்கித் தலையசைத்தார்.

“நான் கல்யாணத்துக்கு லீவு கேட்டேங்க. ‘இதே காரணத்துக்காக இனிமே விடுப்புக் கேக்க மாட்டேன்’னு எழுதி வாங்கிக்கிட்டுத்தான் குடுத்தாரு.”

வக்கீலின் பேனா நின்றது. “கல்யாணத்துக்கு?”

“என் கல்யாணத்துக்கு.”

“அடப்பாவி! அடுத்தது?”

டிரைவர் தொண்டையைச் செருமினார். நல அதிகாரியை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “வண்டியை நடுவுல நிறுத்தி ஒண்ணுக்குப் போனதுக்கு மெமோ குடுத்தாரு சார். அவசரம்னேன். அவசரம்னா ஒருநாள் முன்னாடியே எழுத்துல தெரிவிக்கணுமாம்.”

“தெரிவிச்சீங்களா?”

“மறுநாள்ல இருந்து தினமும் தெரிவிச்சேன். தினமும் ‘ஏற்க இயலாது’.”

வாட்ச்மேன் இன்னும் சுருக்கமாகக் கூறினார். “ஏணியில இருந்து விழுந்து காலு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தேங்க. ‘முன் அனுமதி பெறாமல் விழுந்தது ஏன்’னு விளக்கம் கேட்டு ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்பினாரு.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இந்த மாதிரி ஒரு ஜென்மத்தைப் பார்த்ததில்ல.” அவர் நல அதிகாரியின் பக்கம் திரும்பினார். “ஏன் சார், நீங்க கூடவே இருந்திருக்கீங்க. நீங்க சொல்லுங்க. அவன் எப்படிப்பட்ட ஆளு?”

மூவரும் ஆவலோடு முன்னே சாய்ந்தனர்.

“கொஞ்சம்... கண்டிப்பான ஆளு.”

“கண்டிப்பா?”

“மோசமான ஆளு.”

“சத்தமா சொல்லுங்க சார்” என்றார் டிரைவர், மிக்க பணிவோடு. “வக்கீல் சார் எழுதிக்கணுமில்ல?”

“ரொம்ப மோசமான ஆளு!”

“ஆமாங்க” என்றனர் மூவரும் ஒரே குரலில்.

“இப்போ அந்த ஆளு எங்க இருக்கான்?” என வக்கீல் வினவினார்.

“இருக்காருங்க” என்றார் வாட்ச்மேன். “சௌக்கியமா உக்காந்திருக்காரு.”

இவ்விடத்தில் நல அதிகாரிக்கு வியர்த்தது. உடனே ஓர் எண்ணம் அவரைக் காத்தது. இப்பொழுது அப்பதவியில் இருப்பவர் தாம் அல்லரே! கண்ணாடி அறையின் நிழல் அல்லவா நல அதிகாரி! தாம் ஜெராக்ஸ் இயந்திரத்தின் அருகே தள்ளப்பட்ட ஓர் எளிய ஊழியர். அப்பதவியின் மேல் எவ்வளவு பழி விழுந்தாலும் அது நிழலின் தலையிலன்றோ விழும்? இதை எண்ணியதும் அவருடைய நிமிர்வு மீண்டது.

வக்கீல் கோரிக்கைகளைச் சொல்லச் சொல்ல, அழகிய கையெழுத்தில் நல அதிகாரியே எழுதினார். முதற் கோரிக்கை, மனுதாரரைக் கண்ணாடி அறையில் மீண்டும் அமர்த்த வேண்டும் என்பது. இரண்டு முதல் ஆறு வரையிலானவை தொழிலாளர்களுக்கானவை: நின்றுகொண்டே தைப்பவர்களுக்கு நாற்காலி, வழியில் வண்டியை நிறுத்த அனுமதி, பதினேழாம் பதினெட்டாம் விதிகளின் நீக்கம் முதலியன.

“ஏழாவது. எழுதுங்க. ‘மேற்கண்ட கொடுமைகளைச் செய்த நல அதிகாரியை வேலையிலிருந்து நீக்க வேண்டும்.’”

பேனா நின்றது. கொடுமைகளைச் செய்த என்றால் விசாரிப்பார்கள். விசாரித்தால் நிழலை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிப்பார்கள். பத்தொன்பது ஆண்டுக் கால அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது.

“சார், அந்த வாசகம் பலவீனமா இருக்குங்க. ‘செய்தது நான் இல்ல, எனக்கு முன்னாடி இருந்தவன்’னு தப்பிச்சுக்குவான். ‘இன்றைய தேதியில் நல அதிகாரி பதவியில் இருப்பவர் எவராயினும் அவரை’ன்னு போடலாமா?”

வக்கீல் அவரை வியந்து நோக்கினார். “ஐயா, நீங்க எங்க இருக்க வேண்டிய ஆளு!”

“இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துக்கறேன். ‘உடன்பாடு கையெழுத்தாகும் அன்றே.’ அப்புறம், ‘இம்முடிவை எக்காரணம் கொண்டும் திரும்பப் பெற இயலாது.’”

தையல்கார அக்கா மெல்ல எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தார். “சார், இதை நீங்களேவா எழுதறீங்க?”

“என் கையாலேயே.”

“நல்லா யோசிச்சுத்தானே சார்?”

“ரெண்டு வாரமா இதைத்தாம்மா யோசிக்கறேன்.”

அக்காவின் கண்கள் கலங்கின. “மன்னிச்சுக்குங்க சார். இத்தனை நாளா உங்களை என்னென்னவோ திட்டியிருக்கேன். இப்படி ஒரு மனசு உங்களுக்குள்ள இருக்கும்னு தெரியாமப் போச்சு.” டிரைவர் அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார். தலைமைப் பண்பு என்பது தம்மிடம் இயல்பாகவே அமைந்துள்ளது என்று நல அதிகாரி உணர்ந்தார்.

வக்கீல் நோட்டீஸ் சென்ற நான்காம் நாள், தொழிற்சாலையின் கூட்ட அறையில் சமரசப் பேச்சு நிகழ்ந்தது. ஒரு பக்கம் முதலாளியம்மாவும் செயலாளரும். மறுபக்கம் வக்கீலும் நல அதிகாரியும் அந்த மூவரும். இஸ்திரி போட்ட சட்டையில் நல அதிகாரி மணமகனைப் போல் விளங்கினார்.

முதலாளியம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். நாற்காலிக் கோரிக்கையைக் கண்டு வெட்கினார். ஏணிக் கதையைக் கண்டு தலையில் கை வைத்துக்கொண்டார். “இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதுங்க. ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் முழுசா ஒத்துக்கறேன். முதல் கோரிக்கை... ரூமுக்குப் போறதுதானே? அது எப்படியும் இன்னைக்கு...”

“விளக்கம் வேண்டாங்க மேடம்” என்று கை உயர்த்தினார் நல அதிகாரி. “ஒத்துக்கறீங்களா, இல்லையா?”

“ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணாவதையும் ஏழாவதையும் சேர்த்துப் படிச்சா எனக்குக் கொஞ்சம் குழப்பமா இருக்கு.”

“ரெண்டும் சேர்ந்துதாங்க நடக்கணும். ஒரு ஆளு வெளிய போனாத்தானே இன்னொரு ஆளு உள்ள உக்கார முடியும்?”

முதலாளியம்மா தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏழாவது உங்க சம்மதத்தோட எழுதினதா சார்?”

“சம்மதம் என்னங்க, என் சொந்த வாசகம்.”

“எங்கப்பா காலத்துல இருந்து இருக்கற பதவி. எனக்கு மனசு கேக்கல. ஒரு மாசம் டைம் குடுத்து, மரியாதையா ஒரு விழா வெச்சு அனுப்பலாமே?”

நல அதிகாரி ஏளனமாகச் சிரித்தார். “விழாவா? அந்த ஆளுக்கா? நல்ல கதையா இருக்கே! ஒரு நிமிஷம்கூட அவன் இங்க இருக்கக் கூடாதுங்க. இத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டவன்.”

“சார், உங்களை நீங்க ரொம்பக் கடுமையா...”

“கடுமையாத்தான் இருப்பேன். என் சுபாவம் அது.”

“கையெழுத்துப் போட்டுட்டா மாத்த முடியாதுன்னு கீழ ஒரு வரி இருக்கு.”

“அதுவும் நான் எழுதினதுதாங்க.”

முதலாளியம்மா பெருமூச்செறிந்து கையெழுத்திட்டார். நல அதிகாரி முழுக் கையெழுத்து இட்டார். வக்கீல் சாட்சியாக ஒப்பமிட்டு, நேரத்தையும் குறித்தார். காலை பதினொன்று பத்து. செயலாளர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முதலாளியம்மா எழுந்து வந்து கைகூப்பினார். “உங்களைத் தப்பா நெனச்சிருந்தேன் சார். இப்படி ஒரு முடிவை எடுக்க எல்லாராலயும் முடியாது.”

“அநியாயத்தைக் கண்டா எனக்குப் பொறுக்காதுங்க” என்று தன்னடக்கத்தோடு மொழிந்து, ஒப்பந்தத்தின் படியைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் வெளியேறினார்.

நடைவழியில் அவர் சென்ற நடை, வென்ற மன்னன் தன் நகருக்குள் நுழையும் நடை. வழியில் தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் எழுந்து நின்று கைதட்டினர். கம்பி வளைக்கும் பிரிவிலிருந்து ஒருவர் சீழ்க்கையடித்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கேட்டறியாத ஓசை அது. ஜெராக்ஸ் இயந்திரத்தைக் கடக்கும்பொழுது அதை அவர் ஓர் அற்பப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். டிரைவரும் வாட்ச்மேனும் அக்காவும் வக்கீலும் பின்தொடர்ந்தனர்.

கண்ணாடி அறைக்குள் விளக்கு எரிந்தது. பழுப்புத் தாளின் பின்னே அதே நிழல் அசைந்தது.

அவர் ஒப்பந்தத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கதவை ஓங்கித் தட்டினார். “யாருய்யா உள்ள? வெளிய வா! இன்னைக்குப் பதினொண்ணு பத்தோட நல அதிகாரிக்கு வேலை போச்சு! திரும்பப் பெற இயலாது! மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு!”

கதவு திறந்தது. முகமூடி அணிந்து, முதுகில் தகரத் தொட்டியையும் கையில் நீண்ட குழாயையும் தாங்கிய ஓர் ஆள் வெளியே வந்தார். அவர் முகமூடியைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இன்முகத்துடன் கூறினார்:

“நீங்கதானே சார் இந்த ரூம்ல உக்கார்ற நல அதிகாரி? கரையானுக்கு மருந்து அடிச்சா மூணு வாரம் ஆளை உள்ள விடக் கூடாதுன்னு நான்தான் முதலாளியம்மாகிட்டச் சொல்லி உங்களை வெளிய உக்கார வெக்கச் சொன்னேன். இன்னையோட வேலை முடிஞ்சுது, இனிமே நீங்க நிம்மதியா உங்க சீட்டுல வந்து உக்காரலாம்.”